மூலைத் துண்டு

கீழ் வீட்டு அக்கா எனக்கு மட்டும் ஏன் ஒரு நாளும் மூலைத் துண்டு கொடுக்கவில்லை?

இதை ஒரு கேள்வியாக எழுதவே கூச்சமாக இருக்கிறது. முதுகலை படித்தவள், ஒரு குழந்தைக்குத் தாய், கவலைப்பட எனக்கு வேறு விஷயங்கள் நிறைய இருக்கின்றன. "ஒரு துண்டுக்கா இவ்ளோ பேஜாரு?" என்று என் கணவர் சிரித்தார். ஆனால் அக்கா ஊரைவிட்டுப் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. எனக்கு இன்னும் பதில் தெரியவில்லை.

பாகாயத்தில் ஒரு வீட்டின் மாடியில் நாங்கள் வாடகைக்கு இருக்கிறோம். கணவருக்கு, நான் பிறந்த ஊரான ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலை. விடிவதற்குள் கம்பெனி பஸ் ஏறிப் போனால் இருட்டித்தான் வருவார். பகல் முழுவதும் நானும் மகள் யாழினியும்தான். கீழ் வீட்டில் அக்கா தனியாக இருந்தார். அறுபதை ஒட்டிய வயது. அமெரிக்காவில் ஜார்ஜியா என்கிற தென் மாநிலத்தில், சின்ன ஊர் ஆஸ்பத்திரி ஒன்றில் நெடுங்காலம் நர்ஸாக இருந்தவர். கணவர் இறந்த பிறகு மகளை அங்கேயே விட்டுவிட்டுச் சொந்த ஊருக்குத் திரும்பியவர். உடம்பில் அமெரிக்கா எங்கேயும் தெரியாது. காட்டன் புடவை, ரப்பர் செருப்பு, எங்கள் ஊர்ப் பேச்சு. சனிக்கிழமை மட்டும் அவர் சமையலறையிலிருந்து வேறொரு தேசத்தின் வாசனை படியேறி வரும்.

அதற்கு சிக்கன் அண்ட் டிரெஸ்ஸிங் என்று பெயர் சொன்னார். மக்காச்சோள ரொட்டியை உதிர்த்து, வெந்த கோழியைப் பிய்த்துப் போட்டு, கோழி வெந்த தண்ணீரையே ஊற்றி, வெண்ணெயும் முட்டையும் சேர்த்து, ஓவனில் மேல்பக்கம் சிவக்கும்வரை விடுவது.

"நமக்கு பிரியாணி மாதிரி அவங்களுக்கு இது. பண்டிகைன்னாலும் இதான், சாவு வீட்டுக்குக் குடுத்தனுப்பறதும் இதான்" என்பார். "அவங்களும் தெக்கத்திக்காரங்க தான? வடக்க இருக்கிறவங்க இவங்க பேச்சக் கேட்டு சிரிப்பாங்க. போன புதுசுல எனக்கு அது ஒண்ணுதான் நம்ம ஊர் மாதிரி இருந்துச்சு."

யாழினிக்கு அப்போது மூன்று வயது. சாப்பிட மாட்டாள். இதை ஒரு வரியில் எழுதிவிட்டேன். அந்த வரிக்குள் என் நாள் முழுவதும் இருந்தது. கிண்ணம், கரண்டி, கைத்துண்டு, போன் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு மாடிப்படியில் அவள் பின்னாலேயே நடப்பேன். காக்கா காட்டுவேன், ஆம்புலன்ஸ் காட்டுவேன். வாயில் வாங்கிக் கன்னத்தில் அடக்கி வைத்துக்கொள்வாள். அம்மாக்கள் வாட்ஸ்அப் குழுவில் மற்றவர்கள் காலித் தட்டுகளின் படம் போடும்போது, போனை மூடிவிட்டு, நான் எங்கே தப்பு செய்கிறேன் என்று முதலிலிருந்து யோசிப்பேன். தாய்ப்பாலை நிறுத்தியது சீக்கிரமா? கஞ்சியில் உப்பு போட்டது தாமதமா?

ஒரு சனிக்கிழமை துணி காயப்போட்டுவிட்டுத் திரும்பினால் குழந்தையைக் காணோம். ஓடிப் போய்ப் பார்த்தேன். கீழ் வீட்டுச் சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் தட்டு. தட்டில் ஒரு துண்டு, இரண்டு பக்கமும் பொன்னிறமாகக் காய்ந்த விளிம்புடன். அதைக் கையில் பிடித்துக் கடித்துக்கொண்டிருந்தாள். மென்றாள். விழுங்கினாள்.

அக்கா அவள் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் மீதியை வெட்டிக்கொண்டிருந்தார்.

"நீங்க ஊட்டினீங்களாக்கா?"

"நான் எங்க ஊட்டினேன்? தட்டுல வச்சேன். அவ கை, அவ வாய்."

எனக்கு சந்தோஷமாக இருந்தது. உண்மையாகவே இருந்தது. படியேறி வரும்போதுதான் அந்த சந்தோஷத்துக்கு அடியில் வேறொன்று கிடப்பது தெரிந்தது. வீட்டுக்கு வந்ததும், மூன்று வயதுக் குழந்தை ஒரு வேளைக்கு எவ்வளவு வெண்ணெய் சாப்பிடலாம் என்று போனில் தேடினேன். ஆபத்தாக ஏதாவது கிடைக்கும் என்று எதிர்பார்த்தேனோ என்னவோ. எதுவும் கிடைக்கவில்லை.

அதிலிருந்து சனிக்கிழமை என்றால் கீழ் வீடு என்று ஆகிவிட்டது. முழு வேலையையும் நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். வெள்ளிக்கிழமையே ரொட்டியைச் சுட்டுவிடுவார். சூடாக இருக்கும்போது தொட விடமாட்டார். உதிர்த்து, முறத்தில் பரப்பி, மேலே கொசுவலைத் துணி போட்டு வாஷிங் மெஷின் மேல் வைத்துவிடுவார். "காயணும். காஞ்சாதான் தண்ணியக் குடிக்கும்" என்பார். கோழி எப்போதும் கறிக்கடையில்தான். முட்டையிட்டு ஓய்ந்த முட்டைக்கோழி. "இளசு ருசிக்கு, கிழடு தண்ணிக்கு." அங்கே ஏதோ ஒரு இலை போடுவார்களாம். அது இங்கே கிடைக்காததால் வாசலில் தொட்டியில் வளர்ந்த ஓமவல்லியை அரிந்து போடுவார். சளிக்கு அந்த இலையைக் கஷாயம் வைத்துக் கொடுத்தால் என் மகள் வீட்டையே ரெண்டாக்குவாள். அங்கே தட்டில் பச்சைப் பச்சையாகக் கிடந்தது, ஒன்றையும் பொறுக்கி வைக்கவில்லை.

எல்லாம் கலந்த பிறகு கண்ணாடிப் பாத்திரத்தைப் பிடித்து மெல்ல ஆட்டிப் பார்ப்பார். உள்ளே இருப்பது தளும்ப வேண்டும். தளும்பாவிட்டால் இன்னொரு கரண்டி கோழித் தண்ணீர். எனக்குப் பதறும், இவ்வளவு நீர்க்க இருக்கிறதே என்று. ஓவனிலிருந்து வரும்போது நடுவில் மெத்தென்றும் ஓரத்தில் மொறுமொறுவென்றும் இருக்கும். மூலைகளில்தான் இரண்டு பக்கமும் மொறுமொறுப்பு. அந்தப் பாத்திரம் நீள்சதுரம். மூலைகள் நான்கே.

அக்காவைப் பற்றி ஒன்றே ஒன்று சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்: அவர் பங்கு வைக்கிறவர். சமைத்தால் கைகழுவி உட்காருகிறவர் இல்லை. கத்தியை எடுத்துக்கொண்டு, பாத்திரத்தின் முன் நின்று, யாருக்கு எது என்று யோசிப்பார். ஆஸ்பத்திரி வார்டில் மாத்திரைத் தட்டை வைத்துக்கொண்டு நின்ற பழக்கமோ என்னவோ. முடிவு செய்துவிட்டால் மாற்றமாட்டார். காரணத்தையும் உரக்கச் சொல்லிவிடுவார்.

"பாப்பாவுக்கு ஒரு மூல. பல்லு இருக்கு, கடிக்கட்டும்."

"பாய்க்கு ஒண்ணு. நாள் பூரா நின்னுக்கினே வேல செய்றாரு." இது தெருமுனையில் இஸ்திரி வண்டி போட்டிருப்பவருக்கு. "பாய், சூடு ஆறதுக்குள்ள சாப்டுடுங்க" என்று தட்டை நீட்டினால், அவர், "பொட்டியும் சூடு, இதுவும் சூடு, எதக்கா நான் மொதல்ல பாக்கறது?" என்பார்.

மூன்றாவது மூலை பின் ரூமுக்கு. வீட்டுக்காரர் அந்த அறையை எங்கள் ஊர்ப் பெரிய ஆஸ்பத்திரிக்கு வருகிற வெளிமாநிலக்காரர்களுக்கு விடுவார். மாதத்துக்கு ஒரு குடும்பம். அக்காவுக்கு அவர்கள் பாஷை தெரியாது, அவர்களுக்கு அக்காவின் பாஷை தெரியாது. "ஊர் விட்டு ஊர் வந்து ரிப்போர்ட்டுக்குக் காத்துக்கினு கெடக்கறாங்க. நல்ல துண்டா போவட்டும்."

நான்காவது மூலைதான் வாரத்துக்கு வாரம் மாறும். ஒரு வாரம் என் கணவருக்கு வந்தது: "ஓவர்டைம் பாத்துட்டு வந்திருக்கான்." ஒரு வாரம் கேஸ் சிலிண்டர் போட வந்தவருக்கு. ஒரு வாரம் குடியாத்தத்திலிருந்து வந்திருந்த என் மாமியாருக்கு, வந்த அன்றே. அவர் அதைச் சாப்பிட்டு முடித்து, விரலைத் துடைத்துக்கொண்டு, "கைப்பக்குவம்னா இதான். பக்கத்துலயே இருக்க, நீயும் கத்துக்கலாம் இல்ல?" என்றார்.

நான் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன். என் தட்டில் நடுத்துண்டு இருந்தது.

எல்லா வாரமும் நடுத்துண்டுதான். துண்டு என்று சொல்வதுகூட மரியாதைக்கு. அதை வெட்டவே முடியாது, கரண்டியால் அள்ளித்தான் வைக்க முடியும். முதலில் கவனிக்கவில்லை. கவனித்த பிறகு வேறெதையும் கவனிக்க முடியவில்லை. ஒரு வாரம் எல்லோருக்கும் முன்னால் போய் நின்று பார்த்தேன். ஒரு வாரம் வெங்காயம் முழுவதையும் நானே நறுக்கிக் கொடுத்தேன். ஒரு முறை வாயைத் திறந்தே கேட்டேன், ஆனால் என் வழக்கப்படி பாதிதான் கேட்டேன்.

"மூலதான் ரொம்ப நல்லாருக்கும் இல்லக்கா?"

"ஆமாம்மா, மொறுமொறுன்னு இருக்கும்" என்று சொல்லிவிட்டு, அதை இஸ்திரி பாய்க்கு வைத்தார்.

எல்லோரும் போன பிறகு அக்கா சாப்பிடுவார். உட்காரமாட்டார். மேடையில் சாய்ந்து நின்று, பரிமாறிய அதே பெரிய கரண்டியால், பாத்திரத்தின் நடுவில் மிஞ்சியதை எடுத்துச் சாப்பிடுவார். பாத்திரம் கழுவித் தருகிறேன் என்று நான் நின்றிருப்பேன், யாழினி தரையில் இன்னும் மென்றுகொண்டிருப்பாள். "இந்தா" என்று ஒரு ஸ்பூனை என்னிடம் நீட்டுவார். இரண்டு பேரும் ஒரே பாத்திரத்திலிருந்து எடுத்துச் சாப்பிடுவோம். அந்த நேரத்தில்தான் அவர் தன் மகளைப் பற்றிப் பேசுவார். போனில் பேச்சு எங்கே அறுந்தது, எதைக் கேட்டிருக்கக் கூடாது, எதைக் கேட்காமல் விட்டார் என்று. மற்றவர்கள் முன்னால் அவர் மகளைப் பற்றி ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. அப்போதும் என் கண், பாத்திரத்தில் காலியாக இருந்த நான்கு மூலைகளின் மேல்தான் இருந்தது.

குழந்தையின் எடை ஏறியது. டாக்டர் அட்டவணையைப் பார்த்து, "பரவாயில்லயே, யாரு பாப்பாவுக்கு இவ்ளோ நல்லா சாப்பாடு குடுக்கறது?" என்று அவளிடமே கேட்டார்.

"கீழ் வீட்டு ஆன்ட்டி" என்றாள் யாழினி.

மற்ற ஆறு நாளும் நான் ஊட்டிய ராகிக் கஞ்சி, முட்டை, பருப்பு சாதம் எல்லாம் எங்கே போயின என்று தெரியவில்லை. டாக்டர் சிரித்தார். நானும் சிரித்தேன். ஆட்டோவில் வரும்போது முடிவு செய்தேன், இதை நானே வீட்டில் செய்வது என்று.

மக்காச்சோளம் வாங்கி மாவு மில்லுக்குப் போனேன். மில்காரர் பையைத் திறந்து பார்த்துவிட்டு, "மாட்டுக்கா, கோழிக்காம்மா?" என்றார்.

"எங்களுக்குத்தாங்க."

அவர் என்னை ஒரு முறை பார்த்துவிட்டு இயந்திரத்தைப் போட்டார். ரவை பதம் போதும் என்று அக்கா சொல்லியிருந்தார். எனக்கு மனம் வரவில்லை. "நைஸாவே அரைங்க" என்றேன். கோழியைக் கழுவும்போது வழக்கம்போல் மஞ்சள் தடவினேன். வேக வைக்கும்போது இஞ்சி பூண்டு விழுது போட்டேன். அக்கா இரண்டையும் போடமாட்டார் என்று எனக்குத் தெரியும், கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆனாலும் வெறும் தண்ணீரில் கோழி வேகிற வாசனை வந்ததும் என் கை நிற்கவில்லை. கவிச்சி அடிக்குமே, குழந்தைக்கு ஆகுமா? அதே காரணத்தால் தண்ணீரையும் குறைத்தேன். இவ்வளவு நீர்க்க விட்டால் வேகாதே. சதுரப் பாத்திரத்தை ஆட்டினால் எதுவும் ஆடவில்லை. எங்களிடம் ஓவன் இல்லாததால், உப்பு பரப்பிய பெரிய குண்டானுக்குள் வைத்து மூடினேன்.

வெளியே வந்தது மஞ்சளாக, செங்கல் மாதிரி இருந்தது. யாழினி முகர்ந்து பார்த்துவிட்டு, "இது பிரியாணி" என்றாள்.

கணவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "ஆம்பூர் பொண்ணு கையில கோழியக் குடுத்தா வேற இன்னா வரும்?"

அக்காவுக்கும் ஒரு துண்டு கொண்டுபோனேன். மூலைத் துண்டு. அவர் நின்றபடியே அதை முழுவதும் சாப்பிட்டார். "நல்லாத்தாம்மா இருக்கு. இது வேற. இதுவும் நல்லாருக்கு." ஏதாவது குறை சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

பிறகு அவர் மகளுக்குக் குழந்தை பிறக்கப்போகிறது என்று செய்தி வந்தது. இத்தனை வருடம் அறுந்து அறுந்து பேசியவள், "வா" என்று கூப்பிட்டுவிட்டாள். அக்கா வீட்டைக் காலி செய்தார். சாமான்களையும் மூலைத் துண்டு மாதிரியேதான் பங்கு வைத்தார், காரணம் சொல்லிச் சொல்லி. மிக்ஸி பாய் வீட்டுக்கு. மெத்தையும் ஃபேனும் பின் ரூமுக்கு, வருகிறவர்கள் யாராக இருந்தாலும் படுக்கட்டும் என்று. ஓவனும் அந்தக் கண்ணாடிப் பாத்திரமும் யாழினிக்கு. எனக்கு இல்லை, யாழினிக்கு. அவளைக் கூப்பிட்டு, குனிந்து, "இது உன்னுது. அம்மாவ வச்சிக்கச் சொல்லு, ஆனா உன்னுது" என்றார்.

எனக்கு என்ன என்று நான் கேட்கவில்லை. நின்றேன். கார் வந்துவிட்டது. அக்கா காலியான சமையலறையை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, மேடையில் கிடந்த அந்தப் பெரிய கரண்டியை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"இது உங்கிட்ட இருக்கட்டும்."

எல்லோருக்கும் சொன்ன காரணத்தை எனக்கு மட்டும் சொல்லவில்லை. காம்பு தேய்ந்து, ஒரு பக்கம் வளைந்த கரண்டி. மறந்துபோனதை எடுத்துக் கொடுத்தாரா, நினைத்துக் கொடுத்தாரா? அதுவும் தெரியவில்லை.

யாழினிக்கு இப்போது ஆறு வயது. சனிக்கிழமைகளில் அக்கா அங்கிருந்து போன் செய்வார். முதலில் யாழினியைத்தான் கேட்பார். அரை மணி நேரம் பேசிவிட்டு அவள் போனை என்னிடம் கொடுக்கும்போது பேரக்குழந்தை எழுந்துவிடும், அல்லது என் குக்கர் கூவிவிடும்.

போன சனிக்கிழமை மறுபடியும் செய்து பார்த்தேன். மாவை ரவை பதத்தில் அரைத்து வாங்கினேன். மஞ்சள் டப்பாவையும் இஞ்சி பூண்டு விழுதையும் முன்னெச்சரிக்கையாக ஹாலில் கொண்டுபோய் வைத்தேன். ஓமவல்லியை அரிந்தேன். கடைசியில் பாத்திரத்தை ஆட்டினேன். தளும்பியது. பயமாக இருந்தது, இருந்தாலும் அப்படியே உள்ளே வைத்தேன்.

வெளியே எடுத்தபோது வாசனையே சொல்லிவிட்டது. கத்தியை நான் எடுப்பதற்குள் யாழினி ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறிவிட்டாள்.

"பாத்திரம் என்னுது. நான்தான் கட் பண்ணணும்."

கத்தி வேண்டாம் என்று சொல்லிப் பார்த்து, கடைசியில் அவள் கைமேல் என் கையை வைத்துப் பிடித்துக்கொண்டேன். அவள் வெட்டவில்லை. பாத்திரத்தைப் பார்த்து நின்றாள். அந்த நிற்பை எனக்குத் தெரியும்.

"பாய் தாத்தாவுக்கு ஒரு மூல. அவருக்கு முட்டி வலி. அப்பாவுக்கு ஒண்ணு, லீவு நாள்லயும் வேலைக்குப் போய்ட்டாரு. பின் ரூம் அக்காவுக்கு ஒண்ணு, அவங்க நேத்து அழுதாங்க." கொஞ்சம் யோசித்தாள். "இது நாளைக்கு யாராச்சும் வந்தா."

நான்கும் முடிந்துவிட்டது.

"உனக்கு மூல வேணாமா கண்ணு? உனக்கு அதுதான பிடிக்கும்?"

"நான்தான கட் பண்றேன்" என்றாள், இதுகூடத் தெரியாதா என்கிற முகத்துடன்.

"அப்ப எனக்கு?"

அவள் ஸ்டூலிலிருந்து இறங்கி, அடுப்படி டிராயரைத் திறந்து, அந்த வளைந்த கரண்டியை எடுத்து என் கையில் வைத்தாள். தனக்கு ஒரு ஸ்பூன் எடுத்துக்கொண்டாள். மறுபடி ஏறி, பாத்திரத்தின் நடுவில் குத்தி எடுத்துச் சாப்பிட ஆரம்பித்தாள். நான் காக்காவையும் காட்டவில்லை, ஆம்புலன்ஸையும் காட்டவில்லை. பள்ளியில் பக்கத்தில் உட்காரும் பெண் பேசுவதை நிறுத்திவிட்டாளாம், ஏன் என்று தெரியவில்லையாம். வாயில் உணவோடு அதைச் சொன்னாள். இதுவரை என்னிடம் சொல்லாத விஷயம்.

நான் நடுவைச் சாப்பிட்டேன். நன்றாக இருந்தது. அப்போதும் ஒரு நினைப்பு முள்ளாகக் குத்தியது: இந்த நிற்பு, இந்தப் பங்கு, ஸ்பூனை நீட்டுவது, எதுவுமே அவள் என்னிடம் கற்றதில்லை. தரையில் உட்கார்ந்து மூலையைக் கடித்துக்கொண்டு, அவள் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். அக்காவையும் என்னையும்.

அக்காவும் நடுவைத்தான் சாப்பிட்டார் என்பது எனக்குத் தெரியும். நீங்கள் சொல்லப்போவதும் அதுதான் என்று நினைக்கிறேன். அதை நினைத்து சமாதானம் ஆகிவிடலாம் என்று சில நாள் தோன்றுகிறது. வேறு சில நாள், மிஞ்சியதைத்தான் எனக்கு நீட்டினார், அதற்கு நான் அர்த்தம் கற்பித்துக்கொள்கிறேன் என்று தோன்றுகிறது. அவரிடம் கேட்டுவிட்டால் தெரிந்துவிடும். ஆனால் கேட்டால், ஒவ்வொரு சனிக்கிழமையும் அவர் என்னிடம் மனம்விட்டுப் பேசிக்கொண்டிருந்தபோது நான் மூலைகளை எண்ணிக்கொண்டிருந்தேன் என்பதும் அவருக்குத் தெரிந்துவிடும்.

இந்த வாரமும் போன் வரும். வீட்டில் கரண்டி பிடித்துப் பங்கு வைக்கிறவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். எனக்குச் சொல்லுங்கள். நல்ல துண்டுகளை எல்லோருக்கும் வைத்துவிட்டு, நடுவில் இருப்பதை நீங்கள் யாருக்குக் கொடுப்பீர்கள்? அதை வாங்கிக்கொண்டவள் கேட்கலாமா?